எதுவும் காயாத ஒரு வாரம்

மைசூர் எக்ஸ்பிரஸ் முன்பெல்லாம் மயிலாடுதுறையோடு நின்றுவிடும். அசந்து தூங்கினாலும் யாராவது தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்கள். இப்போது அதே வண்டி கடலூர் வரை போகிறது என்பதால், கும்பகோணம் தாண்டியதுமே எழுந்து உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலைத் தூக்கினால் முகத்தில் சாரல். ஆடுதுறை போனது, குத்தாலம் வந்தது; இரண்டு பக்கமும் வயலா குளமா என்று சொல்ல முடியவில்லை. நட்டு முடித்த சம்பாப் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

இந்தப் பயணத்தில் சுற்றிப் பார்க்கிற திட்டம் எதுவும் கிடையாது. தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியம்மா போனில் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள், "தீவாளிக்குத்தான் வரல, கடைமுகத்துக்காவது வந்து தலையைக் காட்டிட்டுப் போ" என்றார். கடைமுகம் என்பது ஐப்பசி கடைசி நாள் காவிரிக் குளியல். அதனால் ஐப்பசியின் கடைசி வாரம், குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில், பெரியம்மா வீட்டில்.

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் பெண் இதே வாரம் ஐரோப்பாவில் மஞ்சள் இலைகளுக்கு நடுவே நின்று படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலம் என்று பாடப்புத்தகத்தில் நாமும்தான் படித்தோம். ஆனால் ஐப்பசியில் இங்கே எந்த இலை உதிர்கிறது? மழையில் முருங்கைக் கிளை முறிந்து விழும், அவ்வளவுதான். பழைய தமிழில் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் சேர்த்துக் கூதிர் காலம் என்பார்கள். இங்கே பேச்சில் அதெல்லாம் இல்லை. "ஐப்பசி அடைமழை" என்று சொன்னால் போதும். தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்தப் பாதியில் பாதி பெரியம்மா வீட்டு முற்றத்திலேயே விழுந்ததுபோல இருந்தது எனக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது துணி. தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கொடி. புடவை, வேட்டி, பள்ளிக்கூடச் சீருடை, துண்டு. குனிந்து குனிந்துதான் அடுப்படிக்குப் போக வேண்டும். மூன்று நாள் துணி என்றார் அண்ணி. தொட்டுப் பார்த்தேன், காயவும் இல்லை, ஈரமென்று சொல்லவும் முடியவில்லை. ஒரு மாதிரி மக்கல் வாசனை. அண்ணி தினமும் காலையில் மகளின் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியே காயவைத்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். கரண்ட் போய்விட்டால் தோசைக்கல் சூட்டில் பாவாடை நாடாவை மட்டுமாவது காயவைத்துக் கட்டிவிடுவார்.

வந்தவளுக்குப் பலகாரம் வேண்டாமா? பெரியம்மா தூக்கைத் திறந்தார். தீபாவளி முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. முறுக்கை எடுத்துக் கடித்தால் சத்தமே வரவில்லை, ரப்பர் மாதிரி வளைந்துகொடுத்தது.

"நமுத்துப் போச்சுடி. இரும்புச் சட்டில போட்டு ஒரு பிரட்டு பிரட்டித் தரேன்" என்றார். தந்தார். ஐந்து நிமிஷம் மொறுமொறுவென்று இருந்தது. ஆறாவது நிமிஷம் பழையபடி.

அண்ணன் மகளுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அவளுக்கு ஒரே கவலை கலெக்டர். காலை ஆறு மணிக்கு எழுந்து, பல் தேய்க்கும் முன்னால் அப்பாவின் மொபைலை எடுத்து, இன்று மழை விடுமுறை உண்டா என்று பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை லீவு. புதன் லீவு இல்லை. "பக்கத்து ஜில்லாவுக்கு விட்டிருக்காங்க அத்தை, நமக்கு மட்டும் விடல" என்று என்னிடம் வந்து முறையிட்டாள். ஏதோ நான் கலெக்டரைத் தெரிந்தவள் மாதிரி.

பெரியப்பா திண்ணையில் இருந்தபடி சிரித்தார். அவர் படிக்கிற காலத்தில் இது தஞ்சாவூர் ஜில்லா. அண்ணன் பள்ளிக்கூடம் போனபோது நாகப்பட்டினம், 1991-ல் பிரித்தார்கள். இவளுக்கு மயிலாடுதுறை, 2020-ல் தனி மாவட்டம் ஆனது. மூன்று தலைமுறைக்கு மூன்று கலெக்டர், வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். 1982-ல் மாயூரம் மயிலாடுதுறை ஆகிவிட்டது. பெரியப்பா இன்னும் "மாயவரம் போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்புகிறார்.

அவர் திண்ணையை விட்டு நகராததற்குக் காரணம் நெல். ஆற்றுத் தண்ணீரை நம்பாமல் பம்புசெட்டில் போட்ட குறுவை, கொஞ்சம் பிந்திவிட்டது. மழைக்கு இரண்டு நாள் முன்னால்தான் பெல்ட் மிஷின் கிடைத்து அறுத்திருக்கிறார்கள். அதை எதிரே ரோட்டோரம் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, விளிம்பில் செங்கல் வைத்திருந்தார்கள். மழை விட்டால் அண்ணன் ஓடிப்போய்த் தார்ப்பாயைத் திறப்பார், காலால் நெல்லைத் தள்ளித் தள்ளிப் பரப்புவார். அரை மணி நேரத்தில் தூறும். மறுபடி குவிப்பார், மூடுவார். ஒரே நாளில் ஐந்து முறை எண்ணினேன். கூட நானும் ஒரு தடவை இறங்கிக் காலால் தள்ளினேன். நெல் சுணை பட்டு இரவெல்லாம் கணுக்கால் அரித்தது.

"கையை உள்ள விட்டுப் பாரு" என்றார் பெரியப்பா. விட்டேன். மேலே சில்லென்று இருந்தது. முழங்கை வரை போனதும் உள்ளே கதகதவென்று, ஆறாத வெந்நீரில் கைவிட்டது போல. ஈர நெல் மூச்சு விடுகிறது, அதுதான் சூடு. அப்படியே விட்டால் நிறம் மாறும், ஓரத்தில் முளைக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை வருஷங்களில் மத்தியில் இருந்து குழு வந்து பார்த்து அதைக் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு. தளர்த்துவார்களா மாட்டார்களா என்பது தெருவில் எல்லோரும் பேசுகிற விஷயம். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா"வுக்கு அடுத்து "மாய்ச்சர் எவ்வளவு?" அண்ணன் ஒரு பையில் கொஞ்சம் நெல்லோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 19.

"இன்னும் ரெண்டே ரெண்டுதான்" என்றேன், ஆறுதலாக.

"ரெண்டு வெயில்" என்றார் பெரியப்பா. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை அண்ணன் மகளுக்குச் சளி பிடித்துக்கொண்டது. வயல் வேலைக்குப் போய்வந்த ஒரு அக்கா, வரப்பு வளையில் பிடித்த நண்டு ஏழெட்டைப் பழைய பால் வாளியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வயல் நண்டில் தின்பதற்குச் சதை ஒன்றும் பெரிதாக இல்லை. பெரியம்மா கழுவி, ஓட்டைக் கழற்றி, அம்மியில் வைத்து நசுக்கி, தண்ணீர் விட்டுப் பிழிந்து வடிகட்டினார். சாம்பல் நிறத்தில் வந்த அந்தச் சாற்றைப் பார்த்தால் யாருக்கும் சாப்பிடத் தோன்றாது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, கொஞ்சம் புளி விட்டு நுரை கட்டினதும் இறக்கினார். ஊரில் இருக்கிற அத்தனை மருந்துக்கடையும் இதற்கு இணையில்லை என்று சொல்ல ஆசைதான்; மறுநாளும் பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மூன்று டம்ளர் குடித்த எனக்குக் காது வரை சூடு ஏறி அன்று மத்தியானம் அப்படி ஒரு தூக்கம்.

வியாழக்கிழமை அதிரசம். தீபாவளி அதிரசத்தை மகள் எப்போதோ தீர்த்துவிட்டாள், எனக்குக் கொடுத்தனுப்ப ஒன்றுமில்லை என்பது பெரியம்மாவின் நாலு நாள் குறை. இந்த மழையில் வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அதிரசத்துக்கு என்னடி வெயில்? வெயில்ல காஞ்சாத்தான் கெடும்" என்றார்.

மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வெள்ளை வேட்டித் துணியில் பரப்பினார். அதற்கப்புறம் அடிக்கடி வந்து ஒரு பிடி அள்ளுவார், இறுக்குவார், விடுவார். பிடித்தால் பிடிபட வேண்டும். விரித்தால் அரிசி உள்ளங்கையில் ஒட்டியும் ஒட்டாமலும் உதிர வேண்டும். கை ஈரமாகக் கூடாது. முழுக்கக் காய்ந்த அரிசியில் அரைத்த மாவு பாகோடு சேராது, எண்ணெயில் போட்டால் பிரிந்து போகும். ஈரம் கூடினால் எண்ணெய் குடிக்கும். நாலாவது தடவை அள்ளியவர் "எடு" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வருவதற்குள் இன்னும் காய்ந்துவிடுமே என்று துணியோடு சுருட்டி, ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தார். வீடு முழுக்க எதையாவது காயவைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருக்க, ஒரு படி அரிசியை மட்டும் காயவிடாமல் காவல் காத்தார்கள்.

கரண்ட் வந்ததும் மிக்சியில் அரைத்து, சலித்து, வெல்லப்பாகு. பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். உருண்டது. ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூடிவைத்துவிட்டார். அன்றே சுடக் கூடாதாம். மகள் மூடியைத் திறந்து பச்சை மாவைத் தின்றாள். நானும்தான். சுட்டதைவிட அதுதான் ருசி என்பது என் அபிப்பிராயம், பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கடைமுகம். ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளிப்பது துலா ஸ்நானம். கங்கை முதலான நதிகளே தங்கள் பாவத்தைக் கழுவ இந்த மாதம் இங்கே வருகின்றன என்பது நம்பிக்கை. மாதம் முழுக்க முடியாதவர்களுக்குக் கடைசி நாளான கடைமுகம். அதையும் தவறவிட்டால் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. நடக்க முடியாத பக்தர் ஒருவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோக, அவருக்காக இறைவன் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார் என்பது கதை. லேட்டாக வருகிறவர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கிவைத்த ஊர், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மயிலாடுதுறையில் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்குக் குடை பிடித்துக்கொண்டுதான் போனோம். தலையில் ஒரு சொட்டு விழாமல் பெரியம்மா அவ்வளவு கவனம். படித்துறையில் நல்ல கூட்டம். காவிரி கலங்கி, டீ நிறத்தில் ஓடியது. நடுவே நந்தி மண்டபம். மத்தியானம் மாயூரநாதரும் மற்றக் கோயில் சுவாமிகளும் கரைக்கு வந்து, மேளச் சத்தத்தில் தீர்த்தவாரி நடந்ததும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முங்கினார்கள். பெரியம்மா குடையை மடக்கி என் கையில் திணித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினார். "நீயும் முங்குடி, குடையை யாரு தூக்கிட்டுப் போறா" என்றார். முங்கினேன். மேலே மழைத் தண்ணீரைவிட ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஒரு பாட்டி, நனைந்த தலையோடு, "நல்லா மூணு போடும்மா, ஒண்ணு போட்டா கணக்குல வராது" என்று கடிந்துகொண்டார்.

அன்று பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம், வடித்த சோற்றால் லிங்கத்தை மூடுவார்கள். ஊர்க் கோயிலில் சாயங்காலம் அந்தச் சோற்றை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். பெரியப்பா வாங்கி, தின்னாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மழை வருகிறதா என்று மேலே பார்த்துவிட்டுத் தின்றார்.

சனிக்கிழமை அதிரசம் சுட்டதைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. நாள் பூராவும் தூறல், சீட்டாட்டம்.

ஞாயிறு காலையில் கண் விழித்தபோது சுவரில் ஏதோ மஞ்சளாக விழுந்திருந்தது. வெயில் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. வெளியே வந்தால் தெருவே வெளியில் இருந்தது. மெத்தை, தலையணை, பள்ளிக்கூடப் பை, துவரம்பருப்பு, ஒரு வீட்டு வாசலில் கட்டில். அண்ணி ஒரு தட்டில் முறுக்கைப் பரப்பி வேலிப் படலின் மேல் வைத்திருந்தார். ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல். வருகிற பைக்கெல்லாம் மறுபக்கமாக ஒதுங்கிப் போனது. அண்ணன் காலால் வரிவரியாகக் கிளறிக்கொண்டே இருந்தார், பெரியப்பா வெயிலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சாயங்காலம் வண்டி. மூன்று மணி வாக்கில் பெரியப்பா கூப்பிட்டு ஒரு நெல்மணியைக் கையில் வைத்தார். "கடி." முன்பல்லில் வைத்துக் கடித்தேன். டக்கென்று முறிந்தது.

"திங்கக்கெழம கொண்டுபோய்ப் பாக்கலாம்" என்றார் அண்ணனிடம். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் சாக்கு எடுக்க உள்ளே போனார். கிழக்கே பார்த்தேன், தென்னைகளுக்குப் பின்னால் கறுக்க ஆரம்பித்திருந்தது. அண்ணி மெத்தையை இழுக்க ஓடினார், பெரியம்மா துணியை உருவினார், நானும் அண்ணனும் தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். அண்ணன் மகள் எல்லோரையும் தாண்டி ஓடிப்போய் முதலில் எடுத்தது முறுக்குத் தட்டை.