மணல் குழாயும் 110 நொடியும்

மூன்றாவது வாரமாக இந்த மணல் குழாயோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகக் கணக்கும் கடிகாரமும் பக்கத்தில் வந்திருக்கின்றன.

அமைப்பு எளிது. உள்விட்டம் 5 செ.மீ. உள்ள கண்ணாடிக் குழாய், அடியில் துணி, அதன் மேல் 30 செ.மீ. உயரத்துக்குச் சலித்த மணல். மணலின் அடிமட்டத்திலிருந்து 60 செ.மீ. உயரம் வரை தண்ணீர் நிரப்பி, அது 30-க்கு இறங்கும் நேரத்தைக் குறிக்கிறேன். 1856-ல் டிஜோன் நகரக் குடிநீர் பற்றிய நூலில் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்டதும் மணல் தூண் சோதனைதான், அவருடையது பெரியது.

மணலுக்குள் தண்ணீர் போகும் வேகம் அதைத் தள்ளும் நீர்மட்ட உயரத்துக்கு நேர்விகிதம் என்பது டார்சி விதி. அதன்படி நீர்மட்டம் அடுக்குக்குறி வளைவாகக் குறைய வேண்டும். மணலின் நீர்கடத்து திறனுக்கு (தண்ணீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதற்கு), அதை மணி அளவிலிருந்தும் துளைகளின் பங்கிலிருந்தும் கணிக்கும் கோசெனி–கார்மன் சமன்பாட்டை எடுத்துக்கொண்டேன். மணி அளவு 0.5 மி.மீ., மணலின் 968 கிராம் எடையிலிருந்து கிடைத்த நுண்துளைமை (மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கு) 0.38, தண்ணீர் 20 டிகிரி. நொடிக்கு 1.9 மி.மீ. என்று வந்தது. அப்படியானால் 110 நொடியில் இறங்கிவிட வேண்டும்.

இறங்கியது 200 நொடியில்.

முதலில் டார்சி விதி இங்கே பொருந்தவில்லையோ என்று நினைத்தேன். வேகம் கூடினால் ஃபோர்ச்ஹைமர் சொன்ன இருபடி உறுப்பும் (வேகத்தின் வர்க்கத்தோடு வளரும் தடை) சேரும். ஆனால் அந்த உறுப்பு தேவைப்படும் அளவுக்கு வேகம் இருக்கிறதா என்று காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் தொடக்கத்திலேயே 1-ஐ ஒட்டித்தான் இருந்தது. நீர்மட்டத்தின் மடக்கையை நேரத்தோடு வரைந்தால் பிசகில்லாத நேர்கோடு, அடுக்குக்குறி வளைவுக்கு வர வேண்டியதுபோலவே. சமன்பாட்டின் மேல் பழி போட வழியில்லை.

துப்பு கிடைத்தது தற்செயலாக. அதே மணலில் மறுபடி ஓட்டியபோது 188, அதற்கடுத்து 181. மணல் மாறவில்லை, நேரம் மட்டும் குறைகிறது! குழாயை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன்: மணிகளுக்கு நடுவே கடுகளவு காற்றுக் குமிழ்கள். உலர்ந்த மணலைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் ஆகும். காற்று அடைத்த துளையில் தண்ணீர் போகாது. ஓட்ட ஓட்டக் கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியேறியிருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைக் குழாயில் முதலில் நிரப்பி, அதற்குள் மணலைக் கரண்டி கரண்டியாகத் தூவினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. தட்டிவிட்டதில் மணல் 29 செ.மீ.க்கு இறங்கியது. ஒரு செ.மீ.தானே என்று விட்டிருப்பேன். ஆனால் நுண்துளைமை 0.36 ஆகிவிடுகிறது. சமன்பாட்டில் அது மூன்றாம் படியில் உட்கார்ந்திருப்பதால் நீர்கடத்து திறன் ஐந்தில் ஒரு பங்கு அடிவாங்குகிறது. புதுக் கணக்கு 131 நொடி.

அளந்தது 136.

அப்புறம் மணலே இல்லாமல் துணியை மட்டும் வைத்து ஓட்டினேன், 3 நொடி. மீதி இரண்டு நொடி கடிகாரத்தை அழுத்திய என் கட்டைவிரலுடையது என்று வைத்துக்கொள்கிறேன்.