குருக்கள் ஐயா எழுத்தில் அனுப்பிய செய்தி

உப்புவெளிப் பக்கத்திலுள்ள எங்கள் கோயிலின் குருக்கள் ஐயா கைத்தொலைபேசியில் ஓர் எழுத்தேனும் எழுதி யாரும் கண்டதில்லை. பிரதோஷ நேரத்தை அறிவிப்பதானாலும் தொண்டையைச் செருமி, நாயன்மார் ஒருவரை நினைவுகூர்ந்து, நீண்ட குரல் பதிவாகத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவருடைய இலக்கத்திலிருந்து, கொடியேற்றத்துக்கு முந்திய வாரம், "அன்பரே, அவசரம். 50,000 ரூபாவை இந்தக் கணக்கில் வைப்பிலிடவும், மாலையில் திருப்பித் தருகிறேன்" என்று உபயகாரர்கள் ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

சந்தேகம் எழாமலில்லை, ஐயாவிடம் "இதை எழுதியது நீங்கள்தானா?" என்று கேட்பது மரியாதையாகுமா என்பதே எல்லோருடைய கவலையாக இருந்தது. பரிபாலன சபைத் தலைவர் செயலாளரைக் கேட்கச் சொன்னார், செயலாளர் பொருளாளரைக் கேட்கச் சொன்னார், பொருளாளரோ கும்பிடும் கைப் படமொன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு நேரத்தைக் கடத்தினார். பக்தர்களின் இந்தக் கூச்சத்தை நம்பித்தான் இத்தகைய மோசடிக்காரர்கள் முதலில்லாமல் தொழில் நடத்துகிறார்கள்.

குட்டை உடைத்தவர் நான்காம் திருவிழா உபயகாரரான ஆச்சி. வங்கி அட்டையே வைத்திராத அவர், பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து, ஓட்டோ பிடித்து நேரே மடைப்பள்ளி வாசலுக்கு வந்து, "ஐயா, கேட்ட காசு இந்தா இருக்கு. பின்னேரம் எத்தினை மணிக்குத் திருப்பித் தருவியள்?" என்று கேட்டார். பஞ்சாமிர்தம் பிசைந்த கையோடு ஐயா திகைத்து நின்றார்.

விசாரித்ததில், முதல் நாள் தெரிந்த பக்தர் ஒருவரின் இலக்கத்திலிருந்து, சூம் வழியாக நடக்கும் திருமுறை முற்றோதலில் சேர்வதற்கான 6 இலக்கக் குறியீடு தவறுதலாக ஐயாவுக்கு வந்துவிட்டதாகவும் அதை அனுப்பிவைக்குமாறும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பக்தரின் கணக்கும் ஏற்கனவே களவு போயிருந்தது. ஐயா அனுப்பியது தம்முடைய வட்ஸ்அப்பின் திறப்பையே. அதைக் கொண்டு கணக்கைப் பிடிப்பவருக்குப் பழைய உரையாடல்கள் தெரிவதில்லை என்பதால், ஐயா எழுதும் வழக்கமில்லாதவர் என்பது திருடனுக்கு எப்படித் தெரியும்?

குறுஞ்செய்தியில் வந்த புதிய குறியீட்டால் திருடனை வெளியேற்றியபோதிலும், அவன் இரட்டைச் சரிபார்ப்புக்கு இரகசிய இலக்கம் வைத்துவிட்டதால், ஐயா 7 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் கோயிலின் வட்ஸ்அப் குழு அமைதியாக இருந்ததைச் சிலர் குறையாகச் சொல்லவில்லை.

பிறகு சபை ஒரு விதி வகுத்தது: பணம் கேட்பவர் யாராயினும், கோயிலின் நிலையான தொலைபேசிக்கு நாமே அழைத்து உறுதிப்படுத்த வேண்டும், அந்தக் குறியீட்டையோ சாமி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. விதியின் முதற்சோதனை ஐயாவுக்கே வாய்த்தது. தேர்த்திருவிழாவுக்கு முதல்நாள் மின்பிறப்பாக்கிக்கு டீசல் வாங்கப் பணம் தேவை என்று அவர் குரல் பதிவு அனுப்ப, குரலையும் இப்போது கணினியால் போலியாக்கலாம் என்று இளைஞர் ஒருவர் எச்சரிக்க, பொருளாளர் கோயிலுக்கு அழைத்து, "மன்னிக்க வேண்டும், நீங்கள் ஐயாதான் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். ஐயா கோபிக்காமல் தேவாரப் பதிகமொன்றைப் பாடத் தொடங்கினார். இடையில் அழைப்பைத் துண்டிக்கப் பொருளாளருக்குத் துணிவில்லை. பதிகம் நிறைவுற்றபோது எரிபொருள் நிலையம் பூட்டப்பட்டிருந்தது.