சாலிட்வொர்க்ஸுக்குப் பத்துமா?

தம்பிக்கு கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்த அன்றைக்கே லேப்டாப் பேச்சு ஆரம்பித்து, வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டார்கள். அப்பா யூட்யூப் பார்த்துப் பார்த்து, பால் பாக்கெட் போடுகிறவரிடமே "ரேம் டிடிஆர்-5 தானே?" என்று கேட்கிற நிலைக்கு வந்தார். அம்மாவுக்கு ஒரே நிபந்தனை, கறுப்புக் கலர் கூடாது. துபாய் சித்தப்பா வழக்கம்போல, "நான் வர்றப்ப கொண்டாறேன், இங்க பாதி விலை" என்றார். போன தடவை அவர் கொண்டுவந்ததில் கீபோர்டு முழுக்க அரபி எழுத்து. சார்ஜருக்கு நம்ம ஊர் பிளக்கில் நுழையாத மூன்று சதுரக் கால். கெட்டுப்போனதும் சர்வீஸ் சென்டரில் "இந்த வாரண்டி இங்க செல்லாதுங்க" என்றார்கள். இப்போது அதன்மேல்தான் மிக்ஸி உட்கார்ந்திருக்கிறது.

தம்பிக்கு வேண்டியது கீபோர்டில் கலர் கலராக லைட் எரியும் கேமிங் லேப்டாப். அதை அப்படியே கேட்டால் செருப்பு பறக்கும் என்பதால் "சாலிட்வொர்க்ஸ் ஓடணும்ப்பா" என்று ஆரம்பித்தான். மெஷின் பாகங்களை கம்ப்யூட்டரில் வரைகிற சாஃப்ட்வேர் அது. அந்த மந்திரம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. அப்பத்தா, ஹாஸ்டலுக்கு வாங்கின டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சாலிட்வொர்க்ஸுக்குப் பத்துமாடா?" என்றது.

கடைசியில் தேவகோட்டை அக்காவைக் கூப்பிட்டோம். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல் முடித்தவள். போனிலேயே தம்பிக்கு மண்டகப்படி. "முதல் செமஸ்டர்ல எங்களுக்கு பைத்தான் புரோகிராமிங்கும் தமிழர் மரபும்தான்டா இருந்துச்சு. தமிழர் மரபுக்கு எதுக்கு கிராபிக்ஸ் கார்டு? ரெண்டாவது செமஸ்டர் இன்ஜினியரிங் கிராபிக்ஸ்கூட டிராஃப்டர் வச்சு ஷீட்லதான் போட்டோம். கம்ப்யூட்டர்ல வரையற கேட் (CAD) லேப் மூணாவது செமஸ்டர்லதான் வந்துச்சு."

அப்புறம் அப்பாவுக்குப் பாடம். சாலிட்வொர்க்ஸுக்கு விண்டோஸ்தான் வேண்டும், மேக் பேச்சே வேண்டாம். ஒரு பார்ட்டில் எதையாவது மாற்றி ரீபில்ட் பண்ணும்போது, ப்ராசஸருக்குள் இருக்கும் மூளைகளில், அதாவது கோர்களில், பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் உழைக்கும். அதனால் கார்டைவிட ப்ராசஸர் வேகமும் 16 ஜிபி ரேமும்தான் முக்கியம். கார்டு போட்டே ஆகவேண்டும் என்றால் பேரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஒரே ஸ்டிக்கர்தான், ஆனால் உள்ளே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும் எதுவும் இருக்கும். வாட் குறைந்தால் வேகமும் குறையும், அதனால் ஸ்பெக் ஷீட்டில் டிஜிபி (TGP) என்று போட்டிருக்கும் வாட் கணக்கைத்தான் பார்க்கணும். அப்பா எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டார்.

மதுரையில் இல்லாத ஷோரூமா? ஆனாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான் சீப்பு என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினோம், ஐந்து பேர். ரயில் காசில் ஒரு ரேம் வாங்கியிருக்கலாம். கடைப் பையன் முதலில் எடுத்துப் போட்டது ஐ7 ப்ராசஸர் உள்ளது. அப்பா முகத்தில் தீபாவளி. அக்கா கீழே இருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "1255யூ. கடைசி எழுத்து யூ, 15 வாட். பெரிய கோர் ரெண்டுதான். அந்த ஐ5 13420ஹெச் எடுங்க, 45 வாட், பெரிய கோர் நாலு" என்றாள். அடுத்து ரைசன் 7520யூ. "7-ன்னு ஆரம்பிச்சா புதுசு இல்லண்ணே, மூணாவது நம்பரைப் பாருங்க. 2-ன்னா உள்ள இருக்கிற டிசைன் ஸென் 2, அது 2019 சரக்கு." பையன் டீ வாங்கிவரப் போய்விட்டான். திரும்பி வந்தபோது முதலாளியும் கூட வந்தார்.

பெட்டியைப் பிரித்ததும் அக்கா வேலை ஆரம்பித்தது. பெட்டி, லேப்டாப் அடிப்பாகம், பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றா? டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் திறந்து, ஸ்லாட் இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறதா? அப்படியென்றால் பின்னால் இன்னொரு ரேம் போடலாம், போர்டிலேயே ஒட்டியது என்றால் ஜென்மத்துக்கும் அதே அளவுதான். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது என்று சைக்கிள் கவுண்டைப் பார்த்தாள். அது ஐம்பது அறுபது காட்டினால் டெமோவுக்கு ஓடின பீஸ். முழு வெள்ளை, முழுக் கறுப்பு படம் போட்டு ஸ்கிரீனில் செத்த புள்ளி தேடினாள். அப்பத்தா அதையும் எட்டிப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலயே, கெட்டுப்போச்சா?" என்றது.

முதலாளி நல்ல மனதோடு, "நானே என் மைக்ரோசாஃப்ட் ஐடி போட்டு செட் பண்ணித் தந்துடறேம்மா" என்றார். அக்கா லேப்டாப்பைப் பிடுங்காத குறை. விண்டோஸ் 11 தானாகவே டிஸ்கைப் பூட்டி, 48 இலக்கச் சாவியை யார் ஐடியோ அவர் கணக்கில் போட்டுவிடும். அப்புறம் ஒருநாள் போர்டிலேயே இருக்கும் பயாஸ் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகி அந்தச் சாவியைக் கேட்கும்போது, தம்பி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து ரிச்சி ஸ்ட்ரீட் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான்.

கீபோர்டுக்கு சிலிகான் உறை ஃப்ரீ என்றார்கள். சில மாடல் கீபோர்டு வழியாகத்தான் காற்று இழுக்கும், மூடும்போது ஸ்கிரீனையும் அழுத்தும், வேண்டாம் என்றாள் அக்கா. அம்மா ஃப்ரீயை விடவில்லை. உறை இப்போது டிவி ரிமோட் மேல் இருக்கிறது.

கலர் கறுப்பு. வேறு கலரில் அந்த மாடலே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சந்தனப் பொட்டு சரியாக வெப்கேம் மேல். எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொண்டு "சக்கரம் எங்கடா?" என்று அப்பத்தா தேடியதுதான் உச்சம்.

நேற்று ராத்திரி காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றறிக்கை. முதலாமாண்டு மாணவர்கள் ஹாஸ்டலுக்கு லேப்டாப் கொண்டுவர அனுமதி இல்லை. வாரண்டியோ பில் போட்ட தேதியிலிருந்து ஒரு வருஷம். அதாவது இவன் கையில் கிடைக்கும்போது வாரண்டி இருக்காது. நீட்டிப்பு வாரண்டிக்கு அப்பா விலை கேட்டுவிட்டு மறுபடி கேட்கவில்லை. சும்மா மூடி வைத்தாலும் பேட்டரிக்கு ஆகாது, அவ்வப்போது ஓட்டணும் என்று அக்கா சொன்னதை அப்பத்தா மட்டும்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டது. 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனில் இப்போது மத்தியான சீரியல் ஓடுகிறது. "அவன் ரெண்டாவது வருஷம்தானே கேப்பான், அதுக்குள்ள இது முடிஞ்சிரும்" என்கிறது. அந்த சீரியல் ஆரம்பித்தபோது தம்பி ஏழாவது படித்துக்கொண்டிருந்தான்.