ரோஜாவுக்கு முள் எப்போது வந்தது? ஏதேன் கேள்விக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும்போது ஒரு உள்மதிப்பீட்டுத் தேர்வில், கவிதையில் ஏதேன் தோட்டம் எப்படிக் குறியீடாகிறது என்று 15 மார்க் கேள்வி வந்தது. ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த கதையாயிற்றே என்று ஆதாம், ஏவாள், சர்ப்பம், கனி என ஐந்து பக்கம் எழுதினேன். கிடைத்தது ஐந்து மார்க். ஓரத்தில் சிவப்பு மையில், "கதை இருக்கிறது, கவிதை எங்கே?" என்று இருந்தது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

முதலில் ஆதியாகமம் 2, 3 அதிகாரங்களைத் தமிழ் வேதாகமத்தில் படியுங்கள். அரை மணி நேரம் போதும். கதை தெரியும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே ஆப்பிள் இல்லை, கனி என்றுதான் இருக்கிறது. சர்ப்பம்தான் சாத்தான் என்றும் அந்த அதிகாரம் சொல்லவில்லை. மூன்றாம் அதிகாரம் 18ஆம் வசனத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நிலம் இனி முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்ற சாபம். எனக்கு வழி திறந்துவிட்டது அந்த முள்தான்.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் ஏதேன் கதையைப் பாடிய காப்பியம் 'பாரடைஸ் லாஸ்ட்'. அதன் நான்காம் புத்தகத்தில் தோட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிறோம், அதுவும் சாத்தான் உள்ளே நுழையும்போது. அங்கே பூத்திருக்கும் ரோஜாவுக்கு முள் இல்லை என்கிறார் மில்டன். வசனம் 18 நினைவில் இருந்தால் அந்தச் சின்ன விவரம் நெஞ்சில் தைக்கும். பிறகு ஒன்பதாம் புத்தகம். ஏவாள் தனியாக வேலைக்குப் போயிருக்கிறாள். அவளுக்காக ஆதாம் பூமாலை கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். அவள் வந்து, கனியைத் தின்றதைச் சொல்கிறாள். அவன் கை தளர்கிறது, மாலை நழுவுகிறது, வாடிய ரோஜா இதழ்கள் உதிர்கின்றன. மரணம் தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்பதை அந்தப் பூ சொல்லிவிடுகிறது. இந்த இடத்தை மட்டும் பத்து தடவையாவது வாய்விட்டுப் படித்திருப்பேன்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 'பாரடைஸ் லாஸ்ட்' 1667 பதிப்பில் பத்துப் புத்தகங்கள், 1674 பதிப்பில் பன்னிரண்டு. ஒன்பதாம் புத்தகம் என்று நாம் படிப்பது முதல் பதிப்பில் எட்டாவது.

ஏதேன் கவிதைகளைப் பற்றிப் பேசும்போது வரும் 'இன்னசன்ஸ்' என்ற சொல்லை அறியாமை என்று குறிப்பெடுக்காதீர்கள். கள்ளமின்மை என்று எழுதுங்கள். மில்டனின் ஆதாமும் ஏவாளும் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர்; எதிரி வருவான் என்று ரபேல் தூதர் வந்து எச்சரித்துவிட்டுத்தான் போகிறார். தெரிந்தே இழக்கிறார்கள். இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் அடுத்து வரும் ஆங்கிலக் கவிஞர் பிளேக்கும் பிடிபடமாட்டார்.

பிளேக் 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' வெளியிட்டது 1789இல். 'எக்ஸ்பீரியன்ஸ்' (அனுபவம்) பாடல்களையும் சேர்த்து ஒரே நூலாக்கியது 1794இல். 'தி எக்கோயிங் கிரீன்', 'தி கார்டன் ஆஃப் லவ்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் கவிதையில் பிள்ளைகள் விளையாடும் புல்வெளி. இரண்டாவதில், தான் விளையாடிய புல்வெளிக்கு ஒருவன் திரும்பி வருகிறான். நடுவில் ஒரு சிற்றாலயம். கதவு சாத்தியிருக்கிறது, அதன் மேல் 'செய்யாதே' என்ற கட்டளை. பூக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கல்லறைகள். கறுப்பு அங்கி அணிந்த குருமார்கள் அவனுடைய மகிழ்ச்சிகளையும் ஆசைகளையும் முட்செடியால் கட்டுகிறார்கள். ஆதியாகமத்தில் நிலம் முளைப்பித்த முள், இங்கே மனிதர் கையில் இருக்கிறது. கட்டளையை மீறியதால் சொர்க்கம் பறிபோகவில்லை, கட்டளை வந்ததால் பறிபோயிற்று. சபையில் வளர்ந்த எனக்கு இதை விடைத்தாளில் எழுதக் கை கூசியது. ஆனால் கவிதை சொல்வது அதுதான். நம் நம்பிக்கைக்கு ஏற்ப அதை வளைக்கக் கூடாது.

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸின் 'ஃபெர்ன் ஹில்' கவிதை 1945இல் வந்தது. வேல்ஸில் அத்தையின் பண்ணையில் கழித்த சிறுவயதுதான் அவருக்கு ஏதேன். ஆப்பிள் கிளைகள் உண்டு, ஆதாமின் பெயர்கூட உண்டு. பாம்பு இல்லை, பாவம் இல்லை. காலம் மட்டும் இருக்கிறது. கடைசியில் காலம் தன்னைப் பச்சையாகவும் சாகிறவனாகவும் பிடித்து வைத்திருந்தது என்கிறார். பச்சைப் பிள்ளை என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்த 'கிரீன்' எளிதில் புரியும்.

இப்போதெல்லாம் விடையில் கதைக்கு மூன்று வரிதான் கொடுக்கிறேன். பிறகு ஒவ்வொரு கவிதையிடமும் கேட்பது ஒன்றுதான்: தோட்டத்தின் கதவை யார் சாத்தியது? ஆதியாகமத்தில் கேருபீன்கள் என்ற தூதர்களும் சுடரொளிப் பட்டயமும் (வாளும்) வழியைக் காக்கின்றன. பிளேக்கில் குருமார். தாமஸில் காலம். மில்டனுக்குத்தான் விடை எழுதக் கடினம். மிகாவேல் தூதர் ஆதாமையும் ஏவாளையும் வெளியே கொண்டுபோய் விட்டாலும், ஆதாமிடம் உனக்குள்ளேயே இதைவிட இனிய சொர்க்கம் இருக்கும் என்று முன்னமே சொல்லிவிடுகிறார். இருவரும் கைகோத்து மெல்ல நடந்து போகிறார்கள். இழப்பா, தொடக்கமா என்று அந்தக் கடைசி வரிகளை வைத்தே ஒரு பத்தி எழுதலாம்.

தேர்வுக்கு முந்தின நாள் நேரம் இருந்தால், 'தி கார்டன் ஆஃப் லவ்' கவிதைக்குப் பிளேக் தானே செதுக்கி அச்சிட்ட தகட்டின் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். மேலே ஒரு குரு, கூடவே இரண்டு பிள்ளைகள், மூவரும் ஒரு குழியின் முன் மண்டியிட்டிருக்கிறார்கள்.