கோணமாமலையும் எங்கள் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையும்

எங்கள் காலத்தில் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை என்றால் பாதிப் பேருக்கு நித்திரை, மீதிப் பேருக்குப் பின்வரிசைப் பகிடி. பஞ்சபுராணம் ஓதுகிறவன் தேவாரம் முதல் திருப்புராணம் வரை ஐந்தையும் ஒரே மெட்டில் இழுத்து முடிப்பான். அப்புறம் வகுப்புக்கு ஓட்டம்.

அதை மாற்றியவர் எங்கள் சங்கீத ஆசிரியர். சுருதிப்பெட்டியை மண்டபத்துக்கே தூக்கி வந்து, பண்ணோடு, அதாவது தேவாரத்துக்கு உரிய பழந்தமிழ் ராகத்தோடு, பாட வைத்தார். முதலில் எடுத்தது சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம், 'நிரைகழல் அரவம்'. பண் புறநீர்மை, ஓதுவார்கள் பூபாளத்தில் பாடுவார்கள். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்ற இடத்தில் நாங்கள் தாளத்தை விட்டுப் பறந்தால் சுருதிப்பெட்டி நின்றுவிடும். "கடல் ஆறுதலாய் முத்துக் கொழிக்குது. நீங்கள் ஏனடா பஸ் பிடிக்க ஓடுறியள்?" என்பார்.

அடுத்தது திருக்கேதீச்சரம். அந்தத் தலத்துக்குச் சம்பந்தர் பதிகம் நட்டராகத்தில், சுந்தரர் பதிகம் நட்டபாடையில். இன்றைய வழக்கில் முன்னது பந்துவராளி, பின்னது கம்பீரநாட்டை. சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் சேர் முனகுவார். எது யாருடைய பதிகம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சங்கீதமே படிக்காத பெடியன்கள்கூடச் சரியாகச் சொன்னார்கள்.

இங்கே, புலம்பெயர்ந்த நாட்டில், தேவாரத்துக்குக் குறைவில்லை. போட்டி உண்டு, கேடயம் உண்டு. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். பெற்றோரின் பாடு பெரிய பாடு. ஆனால் புள்ளி எல்லாம் உச்சரிப்புக்கும் மறக்காமல் சொல்வதற்கும்தான் போகிறது. பண் எங்கே, கட்டளை என்கிற சந்த அமைப்பு எங்கே என்று கேட்க ஆளில்லை. "ஒலிப்பதிவு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, ஓதுவார் தருமபுரம் சுவாமிநாதன் பாடி வைத்துவிட்டுப் போனதைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பிள்ளை தாளம் விட்டால் பதிவு நின்று திருத்தாது.

திருத்துவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இதில்தான் எனக்கு மனத்தாங்கல். திருவிழாவுக்கு மேளக்காரரை அழைத்தால் பேசிய பணத்தைக் கொடுக்கிறோம். தேவாரம் பாடுகிறவருக்கு மட்டும் 'தொண்டு' என்று சொல்லிச் சால்வையோடு அனுப்பிவிடுகிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் செய்ததைக் கல்வெட்டில் பாருங்கள். திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி (பழைய முகத்தல் அளவு) நெல். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வருகிற ஏற்பாடு. இவர்களில் ஒருவர் இறந்தாலோ நாட்டை விட்டுப் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை நிறுத்திப் பாட வைக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்னரே நாட்டை விட்டுப் போகிறவனை நினைத்து வைத்திருக்கிறார்கள்! நாட்டை விட்டு வந்த நாங்கள் பாடவும் இல்லை, எங்கள் இடத்தில் ஆள் வைக்கவும் இல்லை.

ஆகவே இந்த முறை எங்கள் பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரப் போகிறேன். இராப்போசன விருந்தில் மிஞ்சுகிற காசை இன்னொரு வளைவுக்கோ பெயர்ப்பலகைக்கோ கொடுக்காமல், எங்கள் பாடசாலைக்குப் பண்ணிசை ஆசிரியர் ஒருவரை மாதச் சம்பளத்தில் வைப்போம். வருடத்துக்கு ஒரு தடவை அன்பளிப்பு என்றால் ஆள் நிற்காது; மாதா மாதம் போக வேண்டும், குறைந்தது 5 வருடத்துக்கு. வெள்ளிக்கிழமை மண்டபத்திலும் அவர்தான் நிற்க வேண்டும். வழிமொழிய விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்னரே செயலாளரிடம் பெயரைக் கொடுத்து விடுங்கள்.