தரங்கம்பாடியில் மூன்று நாட்கள்

ஜனவரி 18, சனி

மயிலாடுதுறையிலிருந்து வந்த பேருந்து நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டது. கிழக்கே நடந்தால் 1792-இல் கட்டப்பட்ட வெள்ளை நுழைவாயில், அதைத் தாண்டியதும் ராஜவீதி. பெரும்பாலோர் காரிலேயே கோட்டை வாசல்வரை சென்று, கடலின் முன் படமெடுத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் திருக்கடையூருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இவ்வூரை நடந்துதான் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

விடியுமுன் எழுந்து கடற்கரைக்குப் போனேன். மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது. முன்புறக் கட்டடங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அவற்றினூடே நீர் புகுந்து வெளியேறும் ஓசை கோயில் வாசல்வரை கேட்டது. ஊருக்கு வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுவே என்பேன். டென்மார்க்கிலிருந்து டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதற்கு இக்கோயிலே சாட்சி.

பின்னர் டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் எழுப்பியது. 1845-இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சீனத் தேநீர்ச் சாடிகளின் முன் வெகுநேரம் நின்றேன். மிளகுக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் வணிகம் எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்பதை எந்த விளக்கப் பலகையையும்விட அவை தெளிவாகச் சொல்லின.

ஆராதனை முடிந்து மக்கள் வெளியேறும்வரை காத்திருந்து, புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சென்றேன். 1718-இல் அதைக் கட்டி முடித்த ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு மறு ஆண்டே, முப்பத்தாறு வயதில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதாமல் போக, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள் என்பதை நினைக்கும்போது, தமிழில் படித்து வாழும் எனக்கு அந்தக் கல்லறையைக் கடந்து செல்லக் கால் வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலையில் திருக்கடையூர். மணிவிழாத் தம்பதியரின் கூட்டத்தில் வரிசை மெதுவாகவே நகர்ந்தது. அபிராமி சந்நிதியில் ஒரு மூதாட்டி அந்தாதியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூம்புகாருக்கும் போகலாமென்று எண்ணியிருந்தேன். ஆனால் மாலை வெயிலில் ராஜவீதியை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டுமென்று தோன்றவே, தரங்கம்பாடிக்கே திரும்பிவிட்டேன்.