பிபிஎம்என் தேர்வில் என்னைக் கவிழ்த்த தடித்த கோடு

பிபிஎம்என் (BPMN) என்பது ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக, அதாவது மாடலாக, வரையும் குறியீட்டு முறை. முதல் முறை அதன் சான்றிதழ் தேர்வு எழுதியபோது கேட்வேயும் (பாதை பிரியும் இடம்) ஈவென்ட்டும் (தொடக்கம், முடிவு போன்ற நிகழ்வுகள்) என்னைக் கைவிடவில்லை. அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு மாடலை இன்னொன்றோடு இணைப்பது, ஒருமுறை வரைந்ததை நாலு இடத்தில் பயன்படுத்துவது என்கிற பகுதியில்தான் சறுக்கினேன். வேலையில் தினமும் செய்கிறதுதானே என்று அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேலையில் நான் செய்துகொண்டிருந்தது வெறும் காப்பி பேஸ்ட். இன்வாய்ஸ் ஒப்புதலுக்கு ஆறு பெட்டிகள். அதே ஆறு பெட்டிகள் ஐந்து மாடல்களில் இருந்தன. ஒப்புதலில் ஒரு படி கூடினால் நாலு மாடலில் திருத்திவிட்டு ஐந்தாவதை மறந்துவிடுவேன். மறுபயன்பாடு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனவனுக்கு வேறென்ன நடக்கும்?

இரண்டாம் முறை படித்தபோது படங்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, எந்தக் கேள்வி வந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: இந்தக் குட்டி செயல்முறை எங்கே குடியிருக்கிறது? தாய்க்குள்ளேயே, அதாவது அதைப் பயன்படுத்தும் பெரிய செயல்முறைக்குள்ளேயே இருக்கிறதா, தனி வீட்டில் இருக்கிறதா?

தாய்க்குள் இருந்தால் அது சப்-ப்ராசஸ். மெல்லிய கோட்டுப் பெட்டி, மூடி வைத்தால் கீழே ஒரு கூட்டல் குறி. தாயின் டேட்டா முழுவதையும் அது நேரடியாகப் பார்க்கும். வேறு யாரும் அதை வெளியிலிருந்து அழைக்க முடியாது. தனி வீட்டில் இருப்பதை அழைப்பது கால் ஆக்டிவிட்டி. (தமிழில் எழுதினால் காலால் செய்யும் வேலை மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.) இதற்குக் கோடு தடிப்பாக இருக்கும். பிபிஎம்என் 1 காலத்தில் இதையே மறுபயன்பாட்டு சப்-ப்ராசஸ் என்று சொன்னார்கள். 2011இல் வந்த 2.0இல்தான் இந்தப் பெயர். பழைய குறிப்புகளை வைத்துப் படித்தால் இங்கே குழம்புவீர்கள். நான் குழம்பினேன்.

கோடு தடிப்பாக இருந்து கூட்டல் குறி இல்லாவிட்டால்? அதுவும் கால் ஆக்டிவிட்டிதான், ஆனால் அது அழைப்பது முழு செயல்முறையை அல்ல, ஒரு குளோபல் டாஸ்கை, அதாவது பல மாடல்களும் அழைக்கக்கூடிய ஒற்றை வேலையை. பலர் மதிப்பெண் விடும் இடம் இது.

இன்னொரு பொறி, மூடிய சப்-ப்ராசஸ் மேல் சொடுக்கினால் உள்ளே இருப்பது வேறு பக்கத்தில் திறப்பது. வேறு பக்கத்தில் திறந்தால் வேறு செயல்முறை என்று கண் சொல்லும். அது அப்படியல்ல, பக்கம்தான் வேறு, குடியிருப்பது தாய்க்குள்தான். சில மென்பொருள்கள் ஒரு பெட்டியிலிருந்து வேறொரு கோப்பின் படத்துக்கு இணைப்பு கொடுக்கவும் விடும். அது வாசிக்கிறவருக்கான வசதி. தேர்வில் கேட்பது தரநிலை என்ன சொல்கிறது என்பதை, நீங்கள் பழகிய மென்பொருள் என்ன செய்கிறது என்பதை அல்ல.

லிங்க் ஈவென்ட் பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. இரண்டு மாடலை இணைக்க அதுதான் வழி என்று முதல் தேர்வில் துணிந்து டிக் அடித்தேன். அது ஒரே செயல்முறைக்குள், ஒரே மட்டத்தில், நீண்ட அம்பை வெட்டி 'அங்கே தொடரும்' என்று காட்டும் குறி, அவ்வளவுதான். ஒரே பெயரில் அனுப்பும் முனைகள் பல இருக்கலாம், வாங்கும் முனை ஒன்றுதான். தாய்க்கும் சப்-ப்ராசஸுக்கும் நடுவில்கூட அது தாண்டாது.

படித்ததைவிட எனக்குக் கைகொடுத்தது ஒரு சனிக்கிழமை வேலை. இலவச மாடலர் ஒன்றில் இன்வாய்ஸ் ஒப்புதலைத் தனிச் செயல்முறையாக வரைந்து, வேறு இரண்டு மாடல்களிலிருந்து கால் ஆக்டிவிட்டியால் அழைத்தேன். பிறகு வேண்டுமென்றே உடைத்தேன். முதலில் பெயரை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஐடியை, அதாவது மென்பொருள் அதை அடையாளம் காணும் சொல்லை, மாற்றினேன். படத்தில் எந்தச் சிவப்புக் குறியும் வரவில்லை, கோப்பும் சமர்த்தாகச் சேமித்தது. ஓடவிட்டபோதுதான் அழைக்கும் இடத்தில் வந்து நின்றது. கோப்பை எக்ஸ்எம்எல்லாக (படத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்து வடிவம்) திறந்து பார்த்தால் விஷயம் புரிந்தது: கால்டு எலிமென்ட் என்கிற இடத்தில் அந்த ஐடி வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. மொத்த இணைப்பும் அந்த ஒரு சொல்தான்.

அடுத்து டேட்டா. தாயில் தொகை 50,000 என்று கொடுத்தேன். அழைக்கப்பட்டதில் அது காலியாக வந்தது. தனி வீடு அல்லவா, தானாக எதுவும் உள்ளே போகாது. எது உள்ளே போக வேண்டும், எது திரும்பி வர வேண்டும் என்று இரு பக்கமும் மேப்பிங் (எந்த டேட்டா எதற்குப் போகும் என்ற பட்டியல்) கொடுக்க வேண்டும். நான் உள்ளே போவதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதை மறந்ததில், ஒப்புதல் கிடைத்த பிறகும் தாய் மாடல் 'ஒப்புதல் இல்லை' பக்கமே போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கேட்வேயைத் திட்டினேன், பாவம்.

அதே பயிற்சியில் இன்னும் சிலவற்றைச் சோதித்துப் பாருங்கள். அழைக்கப்படும் செயல்முறைக்கு எந்தக் குறியும் இல்லாத வெறும் ஸ்டார்ட் ஈவென்ட் (தொடக்க வட்டம்) வேண்டும்; கூடவே மெசேஜ் ஸ்டார்ட்டும் (செய்தி வந்தால் தொடங்குவது) இருந்தால் தனியாகவும் தொடங்கலாம். உள்ளே டெர்மினேட் எண்ட் (எல்லாவற்றையும் உடனே முடிக்கும் குறி) வந்தால் உள்ளே நடப்பதுதான் நிற்கும், தாய் தொடரும். இதை நான் எழுதிய இரண்டு முறையும் ஏதோ ஒரு வடிவில் கேட்டார்கள். உள்ளிருந்து எரர் வந்தால் பெட்டியின் விளிம்பில் உள்ள எரர் ஈவென்ட் பிடிக்கும், வேலையை நிறுத்தியே தீரும். எஸ்கலேஷன் (மேல் மட்டத்துக்குத் தெரிவிப்பது) என்றால் நிறுத்தாமலும் பிடிக்கலாம்.

எதை எப்போது தேர்வது என்ற சூழல் கேள்விகளுக்கு என் கணக்கு இது. வேறொரு மாடலும் அதைக் கேட்கிறதென்றால் கால் ஆக்டிவிட்டி. ஒரே இடத்தில்தான் வரும், படம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் என்றால் சப்-ப்ராசஸ். எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனியாக வைப்பது கெட்டிக்காரத்தனம் மாதிரி தெரியும். ஒரு வேலையைப் புரிந்துகொள்ள ஏழு கோப்பு திறக்க வேண்டியிருக்கும்போது தெரியும் வலி.

இரண்டாம் முறை தேறிவிட்டேன். திரும்பி வந்ததும் அந்த ஐந்து நகல்களையும் ஒன்றாக்கினேன். ஆனால் ஒன்று: அழைக்கப்படும் மாடலுக்குத் தன்னை யார் யார் அழைக்கிறார்கள் என்பது தெரியாது. எங்கேயும் அது எழுதியிருக்காது. அதனால் இப்போது அதில் கை வைக்கும் முன் எல்லாக் கோப்புகளிலும் அந்த ஐடியைத் தேடிப் பார்த்துவிடுகிறேன். போன முறை தேடியபோது எனக்கே தெரியாமல் அதை அழைக்கும் ஆறாவது மாடல் ஒன்று கிடைத்தது.